ஒரு விசில், இரண்டு விசில்

பொன்மேனி டெப்போவில்
சர்வீசுக்கு நின்ற வண்டியின் பின்சக்கரத்தடியில்
சுருண்டு கிடந்தது.
ஓரம் ஒரு நிறம், நடு ஒரு நிறம்,
பத்து ரூபாய்க் காசு போல.
யாரும் வாங்க மறுக்கிற காசு என்று தெரிந்தும்
சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன்.

பெத்தானியாபுரத்து லைன் வீட்டில்
சில்லறை என்று பெயர் வைத்தாள் மகள்.
"நாளெல்லாம் அதைத்தான கேட்டுக் கத்துறீங்க,
வீட்டுக்கு வந்தும் கத்துங்க"
என்றாள் அழகுமீனா.

முதல் வாரம்
விரித்த பேப்பரை விட்டுவிட்டு
விரிக்காத இடமெல்லாம் நனைத்தது.
பேப்பரை நகர்த்தினால் அதுவும் நகர்ந்தது,
எப்போதும் ஒரு முழம் தள்ளி,
நிறுத்தத்தைத் தாண்டியே நிறுத்துகிற டிரைவர் மாதிரி.
அதட்டினால் வாலாட்டியது.
கொஞ்சினால் கடித்தது.

இரண்டாம் வாரம் தோல்பைக்குள் தலையை விட்டு
டிக்கெட் கட்டு ஒன்றைத் தின்றது.
பெட்டை அல்லவா,
சரியாக மகளிர் கட்டு.
பூஜ்ய ரூபாய் டிக்கெட்தானே என்றாள் மகள்.
பூஜ்யத்துக்கும் நம்பர் உண்டு பாப்பா,
எழுபத்தொரு பூஜ்யங்களுக்கு
ஆபீசில் நின்று எழுதிக் கொடுத்தேன்.
காரணம் என்ற கட்டத்தில்
நாய் என்று மட்டும்.

அப்புறம்தான்
எனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் பாடம் தொடங்கினேன்.
ஒரு விசில், நில்.
இரண்டு விசில், போ.
சொன்னபடி செய்தால் அரை ரஸ்க்.
"இந்தாளு வீட்ல இருக்காரா
பஸ்ஸ்டாண்டுல இருக்காரான்னே தெரியல"
என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள் அழகுமீனா.

பதினேழாம் நாள் சாயங்காலம்
வாசலிலிருந்து அடுப்படிக்குப் போகிற வழியில்
ஒற்றை விசிலுக்கு
ஒரு முன்காலைத் தூக்கியபடியே நின்றது.
இரட்டை விசில் கொடுக்கும்வரை
அந்தக் கால் தரைக்கு வரவில்லை.
"உள்ள போங்க, உள்ள போங்க" என்று
தொண்டை வற்றக் கத்துகிற வண்டியில்
என் பேச்சை இப்படி ஒருத்தர் கேட்டதில்லை.

கெடுத்தது பக்கத்து வீட்டுக் குக்கர்.
பர்வீன் அக்கா பருப்பு வைத்தால்
முதல் விசிலுக்கு நிற்கும்.
இரண்டாவதுக்கு ஓடும்.
மூன்றாவதுக்குச் சட்டம் கிடையாது,
நடு வீட்டில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்கும்.
எனக்கும் தெரியாது.

போன ஞாயிறு வார ஓய்வு.
கைலியோடு, கயிற்றைப் பிடித்தபடி
காளவாசல் வரை நடந்தோம்.
ஒரு டவுன் பஸ் ஆள் ஏற்றி முடித்தது.
இரட்டை விசில்.
கயிறு கையில் இருந்தது.
சில்லறை இல்லை.

பஸ்சுக்குப் பின்னால் ஓடுகிறது.
என் விசிலோ
வீட்டில், ஆணியில், காக்கிச் சட்டைப் பையில்.
உதட்டைக் குவித்தால் வெறும் காற்று.
"சில்லறை! ஏ சில்லறை!"
டீக்கடையில் இரண்டு பேர்
பையைத் தடவிப் பார்த்தார்கள்.
அது திரும்பவே இல்லை.
அந்தப் பெயருக்கு நான்
ஒருநாளும் ரஸ்க் கொடுத்ததில்லை.

அடுத்த நிறுத்தத்தில்
முகம் தெரியாத ஒரு கண்டக்டர்
ஒரு விசில் ஊதினான்.

பூக்கூடைக்கு லக்கேஜ் போடுவதா வேண்டாமா என்று
படியில் ஒரு தகராறு,
அது பெரிய தகராறாக இருக்கட்டும் என்று
வேண்டிக்கொண்டே ஓடினேன்.
கூடைக்கும் ஒரு டியூஷன் பைக்கும் நடுவில்
ஒரு முன்காலைத் தூக்கியபடி
நின்றுகொண்டிருந்தது.
ஒரு செருப்பு பைபாஸ் ரோட்டோடு போக
மூச்சிரைக்க வந்தவனை
ஏற இறங்கப் பார்த்தது,
ஓடி வந்து தொற்றுகிறவனை
பத்தொன்பது வருஷமாய் நான் பார்க்கிற அதே பார்வை.

அள்ளித் தூக்கி
நெஞ்சோடு அணைத்த நேரம்
கூடை ஏறிவிட்டது.
இரட்டை விசில்.

என் கைக்குள்ளேயே
நாலு காலும்
காற்றில் ஓடின.